அரைப்பேர் போடுங்கள்!

கேள்வி: ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொரு திரையையும் பார்க்கும் வழக்கம் எங்கே தொடங்கியது?
– கொத்மலை வாசகர்

பதில்: கொத்மலையிலிருந்து கொண்டா இதைக் கேட்கிறீர்கள்? தொடக்கம் எதுவோ, உங்கள் ஊரிலேயே நடந்த சங்கதிதான். டீவிக்குப் பதில் ரேடியோ, அவ்வளவுதான். 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலிக்கு, 1998 வாக்கில் யுனெஸ்கோ கைகொடுத்து இணையம் வந்தது. நேயர் தபாலிலோ தொலைபேசியிலோ கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் கணினியில் தேடி, கிடைத்ததை ஊர்ப் பேச்சில் வானலையில் சொல்வார். விளங்காததை விளக்க டாக்டர், வக்கீல் என்று யாராவது பக்கத்தில் இருப்பார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணையம் வைத்தார்கள். திரையைப் பார்த்தது ஒருவர். கேட்டது பள்ளத்தாக்கு முழுக்க. இப்போது காம்பராவுக்கு நாலு திரை. "டீவியில் அவன் என்ன சொன்னான்?" என்றால் நாலு பேரும் முழிக்கிறார்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் சீரியலும் பார்க்கிறார், போனும் நோண்டுகிறார். இரண்டும் விளங்குதாம். நம்பலாமா?
– புசல்லாவை வாசகி

பதில்: நேற்று அழுதது மாமியாரா, மருமகளா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் கணக்கு சுலபம். நாள் முழுக்க மலையில் நின்றாலும் கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப்பேர்தானே, அதாவது அரைநாள் சம்பளம்? அவருக்கும் அதையே போடுங்கள். லிண்டா ஸ்டோன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1998இல் இந்த அரைகுறைக் கவனத்துக்கு ஒரு நீளமான பெயர் வைத்தார். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரே சொல்லில் முடிகிற விசயம்!

கேள்வி: நான் போனில் மேட்ச் பார்க்கிறேன். பந்து போடுவதற்கு முன்பே பக்கத்துக் காம்பராவில் "அவுட்" என்று கத்துகிறார்கள். சோதிடமா?
– இறம்பொடை வாசகர்

பதில்: இல்லை, டிஷ். அவர்களுக்குப் படம் வானத்திலிருந்து நேரே இறங்குகிறது. உங்களுக்கோ அதைத் துண்டு துண்டாக்கி, இணையத்தில் அனுப்பி, போன் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் காட்டும். அரை நிமிடம் பிந்துவது சர்வ சாதாரணம். லயத்துச் சுவரோ சத்தத்தை ஒரு விநாடிகூடப் பிடித்து வைக்காது.

கேள்வி: பிள்ளை டீவித் திரையிலேயே பேனாவால் கிறுக்கிவிட்டான்!
– தலவாக்கலை வாசகி

பதில்: 1953இல் அமெரிக்காவில் சிபிஎஸ் டீவி இதைச் சொல்லியே செய்வித்தது. 'விங்கி டிங்க் அண்ட் யூ' நிகழ்ச்சிக்கு, திரையில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஒன்று விற்றார்கள். நாயகன் ஆற்றைக் கடக்கப் பிள்ளைகள் அதில் பாலம் வரைய வேண்டும். தாள் வாங்காத வீட்டுப் பிள்ளைகள் கண்ணாடியிலேயே வரைந்தார்கள். அடியை ஒத்திவையுங்கள்.

கேள்வி: மழைக்குக் கரண்ட் போய்விட்டது. போனிலும் சார்ஜ் இல்லை. எதைப் பார்ப்பது?
– மீண்டும் கொத்மலை வாசகர்

பதில்: வாசலுக்கு வந்து, 201 மெகாவொட் மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் உங்கள் ஊர் அணையைப் பாருங்கள். நல்ல அகலத் திரை.