ஸ்பிண்டிலுக்கு எண்ணெய்: பாடபேதங்களுடன் ஓர் ஆய்வு

சர்ஃபேஸ் கிரைண்டரின் ஸ்பிண்டிலுக்குத் தேவைப்படும் எண்ணெய் ஒரு டம்ளர். அதைப் பற்றிய வாதம் ஒரு பேரல். கோவையில் கிரைண்டர் என்ற சொல் முதலில் மாவையே குறிக்கும். புவிசார் குறியீடு பெற்றதும் அந்தக் கிரைண்டர்தான். இங்கே ஆராயப்படுவது மேக்னெட் சக்கில் ஒட்டிய இரும்பை மைக்ரான் கணக்கில் தேய்த்தெடுக்கும் மற்றது. அதிலும் பழையது.

பழமையை அறியச் சிறந்த வழி பெயின்ட். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு கோட் அடிப்பது பல பட்டறைகளின் மரபு. பச்சைமேல் சாம்பல், சாம்பல்மேல் மறுபடி பச்சை, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் என்று படிந்த அடுக்குகளுக்கு அடியில், ரிவிட் அடித்த பித்தளைத் தகடு ஒன்று கிடைக்கும். எங்கே எந்த எண்ணெய் என்று கூறும் மூல பாடம் அதுவே. சுரண்டிப் பார்த்தால் பெரும்பாலும் எண்ணெயின் பெயர் சிதைந்திருக்கும். சிதையாவிட்டால் அந்த எண்ணெய் கடையில் இருக்காது. தப்பிப் பிழைப்பது ஓர் எண். அது 60 என்று கொள்வோம்.

இந்த 60-க்கு உரைகள் இரண்டு. "பக்கத்துல 68 இருக்கு, அதையே ஊத்து" என்பது முதலாம் உரை. ஹைட்ராலிக் டேங்குக்கு வாங்கியதில் அரை கேன் மிச்சமிருப்பதே இவ்வுரைக்கு ஆதாரம். பட்டறை ஆய்வுகளில் இதைவிட வலுவான ஆதாரம் அரிது. இரண்டாம் உரைகாரர் மூலம் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று கேட்கிறார். மெஷின் அமெரிக்காவில் செய்ததானால் 60 என்பது சேபோல்ட் வினாடி. 60 மி.லி. எண்ணெய் ஒரு சிறு துளை வழியே வடிந்து முடிய ஆகும் நேரம் அது. இன்றைய ஐஎஸ்ஓ விஜி எண்களோ 40 டிகிரி செல்சியஸில் சென்டிஸ்டோக் கணக்கில் வருபவை. பழைய 60 வினாடியும் இன்றைய விஜி 10-உம் ஏறக்குறைய ஒன்றே. ஆக, முதலாம் உரையைப் பின்பற்றியவர் ஏழு மடங்கு கெட்டியான எண்ணெயை ஊற்றியிருக்கிறார். பிரிட்டிஷ் மெஷின்களுக்கு ரெட்வுட் வினாடி என்று வேறோர் அளவை உண்டு. அதைத் தொட்டால் கட்டுரை பேரல் அளவை எட்டிவிடும்.

கெட்டி என்றால் நல்லது என்ற நம்பிக்கையின் வேர் பட்டறையில் இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும் இடத்தில் இருக்கிறது. விளக்கெண்ணெயில் ஊறி வளர்ந்த சமூகத்துக்கு, மண்ணெண்ணெய்போல் விரலிடுக்கில் ஓடிவிடும் திரவத்தை எண்ணெய் என ஒப்புக்கொள்வது கடினம். நூற்பாலைக் கதிர்களின் பேரால் ஸ்பிண்டில் ஆயில் எனப்படும் அது, நூற்பாலை ஊரிலேயே இந்த அவமதிப்பைச் சந்திக்கிறது.

உண்மையில் கன்மெட்டல் புஷ்ஷில் ஓடும் தண்டு, ஓடும்போது புஷ்ஷைத் தொடுவதே இல்லை; எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. இதைக் கண்ட விதம் சுவையானது. 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீச்சாம்ப் டவர், ஓடும் பேரிங்கின் மேற்புறத்தில் எண்ணெய் விட ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளியது. மர ஆப்பு அடித்தார், அதையும் தள்ளியது. சுழலும் தண்டு தானே எண்ணெயை உள்ளிழுத்து அழுத்தம் உண்டாக்குகிறது என்பதற்கு 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணக்கெழுதினார். அடைப்பு வெளியேறினால் இன்னும் பெரிய ஆப்பைத் தேடுவது பட்டறை முறை. டவர் பிரஷர் கேஜ் மாட்டினார்.

நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் தண்டு மெல்லிய எண்ணெயிலேயே இந்த அழுத்தத்தை எழுப்பிவிடும். கெட்டி எண்ணெயைக் கலக்குவதில் மிஞ்சுவது சூடு. 50 மி.மீ. எஃகுத் தண்டு 10 டிகிரி ஏறினால் 6 மைக்ரான் தடிக்கும். புஷ்ஷில் உள்ள சந்தே பத்துச் சொச்சம் மைக்ரான் என்றால், அந்த ஆறு எங்கிருந்து கழியும் என்பது தெளிவு. முதலில் வேலைப்பாட்டில் அலை அலையாகக் கோடு விழும். பிறகு ஸ்பிண்டில் பிடித்துக்கொள்ளும். "கெட்டியா ஊத்தினா பிளே தெரியாது" என்ற கூற்று, நின்றுபோன ஸ்பிண்டிலைப் பொறுத்தவரை முற்றிலும் சரி.

பால் பேரிங் ஸ்பிண்டிலுக்கு இந்த ஆய்வு பெரும்பாலும் தேவையில்லை. கட்டும்போதே கிரீஸ் வைத்து மூடியிருப்பார்கள்; உள்ளே உள்ள காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை. கிரீஸ் கன்னும் கையுமாக ஒருவர் அதை நெருங்குவதைத் தடுப்பதே பராமரிப்பு.

புஷ் வகையில் செய்முறை சுருக்கமானது. ஸ்பிண்டிலை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, அடித்திருகைக் கழற்றிப் பழையதை வடிக்க வேண்டும். சாம்பல் நிறமாக வந்தால் வீல் தூள் கலந்தது. பால்போல் வந்தால் கூலன்ட் கலந்தது. கம்பளித் திரி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் முறையிலேயே இதிலும் ஏறுகிறது. ஏறும்போது வடிகட்டவும் படுகிறது. புது எண்ணெயைச் சுத்தமான கேனிலிருந்து, ஆயில் கிளாஸின் கோடுவரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு ஹெட்டில் கை வைத்தால், வெதுவெதுப்பு நலம். கையை வைத்திருக்க முடியாவிட்டால் மீண்டும் தகட்டைச் சுரண்ட வேண்டியதுதான்.

வடித்தெடுத்த 68, பட்டறையின் ரோலிங் ஷட்டருக்குப் போகும். அங்கே இரண்டு உரைகாரர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.