லயபிலிட்டி என்னும் கயிறு: தருவைகுளத்துச் சான்றுகளோடு ஓர் ஆராய்ச்சி

லயபிலிட்டி என்ற சொல்லின் பூர்வீகம் லத்தீன் என்பது மேனாட்டார் கட்சி. 'லிகாரே' என்றால் கட்டுதல். அது பிரெஞ்சுக்குள் புகுந்து 'லியே' ஆகி, ஆங்கிலேயர் கோர்ட்டில் படியேறி, இன்று நம் வண்டி இன்சூரன்ஸ் தாளில் பொடி எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. முட்டி பிசகியவர்களுக்கு நன்கு அறிமுகமான லிகமென்ட் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

எல்லாம் சரி, கட்டுவதற்குக் கயிறு வேண்டாமா? கயிற்றைப் பற்றி அகராதிக்காரர் யாரும் வாய் திறக்கவில்லை. அக்குறை தீர்க்கவே தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளம் கடற்கரையை இவ்வாய்வு நாடியது.

முதற்சான்று முத்துக்குளிப்பு. மன்னார் வளைகுடாவில் அது 1961-ஓடு நின்றுபோனாலும் அதைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. கல்லின் பாரத்தில் மூச்சடக்கி இறங்குகிறவன் உயிர், மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவன் கையில். கயிறு அசைந்ததும் தூக்கியாக வேண்டும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், கூடப்பிறந்தவனிடம் கொடுக்கமாட்டார்கள் என்பது கரையோர வழக்கு. அண்ணன் போனால் தம்பிக்குச் சொத்தில் பங்கு கூடும். மச்சானுக்கோ அக்காள் தாலி. முத்திரைத்தாள் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடம் இதிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாம் சான்று ஏலக்காரர் கொடுக்கும் முன்பணம். வலைக்கும் எஞ்சினுக்கும் கைநீட்டி வாங்கியவர் மீனை அவரிடமே போட வேண்டும். விலை கட்டவில்லை என்று பக்கத்து ஏலத்துக்குக் கூடையை நகர்த்திப் பாருங்கள், கயிறு தட்டுப்படும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: 'லிமிடெட்' கம்பெனிகள். 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்த ஏற்பாடு. கம்பெனி மூழ்கினால் பங்குதாரருக்குப் போட்ட பணம் போகும். வீட்டு அண்டாவை ஜப்தி செய்ய முடியாது. கயிற்றை முன்கூட்டியே அளந்து வெட்டிவிடுகிறார்கள் என்று அறிக.

கடலுக்குப் போகிறவருக்கு அந்த அளவு இல்லை. 2024 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படை தருவைகுளத்தார் 22 பேரைப் பிடித்தது. அவர்களில் 12 பேருக்குத் தலைக்கு 3.5 கோடி இலங்கை ரூபாய் அபராதம் என்று செப்டம்பரில் புத்தளம் நீதிமன்றம் விதித்தது. படகில் போகிறவருக்குக் கூலியே மீன் விற்றதில் கிடைக்கும் பங்குதான்.

ஆகவே, லயபிலிட்டியின் பூர்வீகம் தருவைகுளமே. 'லிமிடெட்' என்ற சொல்லை அங்கே தேடிப் பயனில்லை என்பது இவ்வாய்வின் முடிவு.