புதைந்தவர் யாராவது உண்டா?

ஆஸ்திரேலியாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் ஒரு ரகம் உண்டு. கோல்ஃப் ஆடமாட்டார். தோட்டம் போடமாட்டார். குளிர்காலம் வந்ததும் மனைவியையும் நாற்சக்கர இயக்க வண்டியையும் கிளப்பிக்கொண்டு சிம்ப்சன் பாலைவனத்துக்குப் போய்விடுவார். அங்கே குளிர்காலம் என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோடையில் போகலாம் என்றால் விடமாட்டார்கள். வெயிலுக்குப் பயந்து டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனப் பூங்காவையே மூடிவிடுவார்கள். அந்த மூன்றரை மாதமும் நம்மவர் வீட்டு ஷெட்டில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இன்னும் எதை மாட்ட இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டி, டொயோட்டா லேண்ட் குரூசர். வாங்கியபோது அது வெறும் வண்டி. இப்போது முன்னால் கங்காரு மோதினாலும் அசையாத இரும்புத் தடுப்பு, உள்ளே ஃப்ரிட்ஜ், அந்த ஃப்ரிட்ஜுக்குத் தனி பேட்டரி, கூரைமேல் கல்யாணச் சீர்வரிசை மாதிரி மண்வெட்டி, ஜாக்கி, இரண்டு ஸ்பேர் டயர். ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சுவிட ஸ்னார்க்கல் குழாய் வேறு. "பாலைவனத்தில் ஏது ஆறு?" என்று மனைவி கேட்டதற்கு, "தூசிக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார். வின்ச் வந்தபோதுதான் அம்மணிக்குப் பொறுக்கவில்லை. புதைந்த வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ள வேண்டுமானால், கயிற்றை எதிலாவது கட்டியாக வேண்டும்.

"மணல்மேட்டு உச்சியில் மரமா இருக்கு?"

"இன்னொரு வண்டி இருக்குமே!"

அந்தப் பதிலில் மனிதர் மாட்டிக்கொண்டார். இத்தனை சாமானும் அவருக்காக அல்ல, இன்னொருவருக்காக. யாராவது ஒருவர் எங்காவது அச்சுவரை மணலில் புதைந்து கிடக்க வேண்டும். இவர் மெதுவாகப் போய் இறங்கி, இடுப்பில் கைவைத்து, தலையை ஆட்டி, பிறகு இழுத்துவிட வேண்டும். புதைந்தது போட்டிக் கம்பெனி நிஸ்ஸானாக இருந்துவிட்டால் ஜென்மம் சாபல்யம்.

இழுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார்: "டயரில் காற்று எவ்வளவு?" தார்ச்சாலைக்கு 38 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மணலுக்கு 18-க்கு இறக்க வேண்டும், டயர் பரந்து மணலில் மிதக்கும். இதில் மட்டும் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. காற்று அளக்க மூன்று கேஜ் வைத்திருக்கிறார். ஏன் மூன்று என்று கேட்டால் பாப்பல் முனைக்குக் கூட்டிப்போய்விடுவார். குவீன்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம் மூன்றும் கூடும் இடம் அது. 1880-ல் அகஸ்டஸ் பாப்பல் அளந்து கம்பம் நட்டார். அவருடைய அளவுச் சங்கிலி ஒரு அங்குலம் நீண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. கம்பத்தைப் பிடுங்கி 300 மீட்டர் கிழக்கே நட வேண்டியதாயிற்று. "ஒரே சங்கிலியை நம்பியதால் வந்த வினை" என்பார். அவருடைய மூன்று கேஜும் மூன்று விதமாகக் காட்டும் என்பது வேறு விஷயம்.

அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றுண்டு: இந்தப் பாலைவனத்தை முதலில் கடந்த மோட்டார் வண்டி எது? நிலவியலாளர் ரெஜ் ஸ்ப்ரிக் 1962-ல் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே வந்தார். வந்தது நிஸ்ஸான் பேட்ரோலில். "அப்போது பாதை நன்றாக இருந்தது" என்று நம்மவர் முணுமுணுப்பார். அப்போது பாதையே கிடையாது. இன்று எல்லோரும் போகும் 'பிரெஞ்சு லைன்' தடத்தை எண்ணெய் தேடிவந்த பிரெஞ்சு கம்பெனி அதற்குப் பிறகுதான் போட்டது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே வாங்கங்குரு மக்கள் கையால் கிணறு தோண்டி, ஃப்ரிட்ஜ் இல்லாமல் அங்கேயே குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் ரேடியோவைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார்.

ரேடியோ, பத்தாவது சேனல். குறுக்கே கிடப்பவை 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள். அந்தப் பக்கம் ஏறிவருகிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அதற்காகத் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் கொடி கட்ட வேண்டும், ரேடியோவிலும் குரல் கொடுக்க வேண்டும். "கிழக்கே போகும் வண்டி, ஒன்று" என்று சொன்னால் போதும். நம்மவர் அதோடு நிறுத்துவாரா? "எல்லாரும் சௌக்கியமா? யாராவது புதைந்தீர்களா?" என்று மேட்டுக்கு மேடு விசாரிப்பார். எல்லாரும் சௌக்கியம். அந்தப் பதில் வரும்போதெல்லாம் முகம் வாடும்.

கடைசி நம்பிக்கை பர்ட்ஸ்வில் ஊருக்கு அருகே நிற்கும் 'பிக் ரெட்'. சுமார் 40 மீட்டர் உயரச் செம்மணல் மேடு. உலகத்தின் தனிமையைத் தேடி வந்தவர்கள் அதன் அடியில் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஒரு இளைஞன் பாதி ஏறித் திணறினான். நிஸ்ஸான்! நம்மவர் கயிற்றோடு பாய்வதற்குள் பையன் பின்வாங்கி இறங்கி, காற்றை இறக்கி, ஒரே மூச்சில் ஏறி உச்சியிலிருந்து கையசைத்தான்.

"யார் சொன்னது காற்றை இறக்கச் சொல்லி?" என்று கடுகடுத்தார்.

"நான்தான். நீங்கள் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது" என்றார் அம்மணி.

பர்ட்ஸ்வில் பேக்கரியில் பேர்போன ஒட்டகக் கறி 'பை' வாங்கிக்கொடுத்தும் மனிதர் சமாதானமாகவில்லை. பிரிக்காத கயிறும் கறைபடாத கொக்கியுமாக ஊர் திரும்பினார்.

அடுத்த வாரம் சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு பாட்டியின் குட்டிக் கார் பேட்டரி இறங்கிக் கிளம்பாமல் நின்றது. லேண்ட் குரூசர் பாய்ந்து வந்து நின்றது. ஜம்ப்பர் கேபிள், கம்ப்ரஸர், கையுறை எல்லாம் இறங்கின. இடுப்பில் கைவைத்து, தலையை ஆட்டிவிட்டு, நம்மவர் குனிந்து கேட்டார்:

"டயரில் காற்று எவ்வளவு, அம்மா?"