தாழ்வாரத்தில் ஒரு யெஸ்டி

மைசூரில் 1996-இல் மூடிய ஆலையை என் வீட்டுத் தாழ்வாரத்தில் நான் மறுபடி திறந்திருக்கிறேன். உற்பத்தி: ஒரே ஒரு பழைய யெஸ்டி பைக், 250 சிசி. பட்ஜெட் பத்தாயிரம், அது டயர், டியூப், செயின் ஸ்பிராக்கெட்டோடு காலி. கார்புரேட்டரைப் பெட்ரோலில் ஊறப்போட்டு ஜெட்டை ஊதியதும் அடைப்பு போனது. நட்டு போல்ட்டை இட்லித் தட்டில் குழிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் வீட்டில் பேச்சு அடைத்துக்கொண்டது. இந்தப் பழைய யெஸ்டியில் கியர் போடவும் ஸ்டார்ட் செய்யவும் ஒரே லீவர்தான். சிக்கனம் என்றால் அது. புதுப்பேட்டைக்கு ஒரு நட்டுக்காக ஆட்டோவில் போய்வருவதல்ல.

நாற்பதாவது உதையில் கிளம்பியது. பெட்ரோலில் ஆயிலைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்துவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு சைலன்சரிலும் புகை. கொசு மருந்து வண்டி என்று தெருவே ஜன்னலைச் சாத்தியது.