குதிரைக்கு வழிவிடுக

பழனிசெட்டிபட்டிக்கு ஒரு பூங்கா போதாது. அதன் நடைபாதையில் குதிரையும் வேண்டும். கொடைக்கானலுக்கு மட்டும்தான் அந்தக் கொடுப்பினையா? அங்கே 1863இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சாலை. நடப்பவர், வாடகை சைக்கிள்காரர், கார்க்காரர், குதிரை எல்லாருக்கும் ஒரே தார். லத்தி மட்டும் குதிரையின் தனிப் பங்களிப்பு. அதைத் தாண்டித் தாண்டிப் போவதே நல்ல உடற்பயிற்சி.

2023 நவம்பரில் அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் கொண்டுவந்தது. அருமையான யோசனை. பின்னால் ஒரு குதிரையையும் விட்டால் எட்டும் அரை மணியில் முடியும். சர்க்கரை தானாக இறங்கும்.

வெளிநாட்டுப் பாதைகளில் குதிரைக்கு எல்லாரும் ஒதுங்க வேண்டுமாம். பின்னாலிருந்து திடுமென நெருங்கக் கூடாதாம். தணிந்த குரலில் பேசி, வருவது மனுசன்தான் என்று அதற்கு உணர்த்த வேண்டுமாம். நம்மூர்க் கம்பம் ரோட்டில் அந்தச் சிரமமே இல்லை. ஏர் ஹாரன் ஒரே அடியில் உணர்த்திவிடும்.

சிக்கல் குதிரையிடம்தான். ஆள் குறுக்கே வந்தால் நின்றுவிடுகிறது. போன் பார்ப்பதில்லை. மூன்று பேரை ஏற்றுவதில்லை. இப்படியொன்றை நடைபாதையில் விட்டால் அங்கே ஓடும் பைக்குகளுக்கு எவ்வளவு இடைஞ்சல்! எனவே பாதுகாப்பு கருதிக் குதிரையை மட்டும் தடை செய்யலாம். ‘குதிரைக்கு வழிவிடுக’ பலகை இருக்கட்டும். அதன் நிழலில் நாலு வண்டி நிறுத்தலாம்.