மச்சான் காரின் ‘டும்’: ஒரு முதற்கட்ட ஆய்வு

பொருத்தியது எது என்று தெளியாமல் பொருத்தியதன் விளைவை ஆராய்தல் முறையன்று. ஆகவே பெயராராய்ச்சி முதலில்.

ஸ்பீக்கரைத் தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்கிறோம். அது எதையும் பெருக்குவதில்லை. தன்னிடம் வரும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கே ஒலியாக்கிவிட்டு மற்றதைச் சூடாக்கி வீணடிக்கிறது. பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். அதாவது, காரில் ஆம்ப் வைப்பதென்பது பெருக்காத பெருக்கிக்குப் பெருக்கும் பெருக்கியைப் பொருத்துவது. கலைச்சொல் அறிஞர் சிலர் ஆம்ப்ளிஃபயரையும் ‘பெருக்கி’ என்றே வழங்குவர். இச்சொல்லை என் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். “மொதல்ல வீட்டப் பெருக்கச் சொல்லுண்ணே அவர” என்றாள் (தங்கை, வாய்மொழி, சமையலறை). சொல்லின் இரட்டுறு தன்மைக்குக் கிடைத்த முதல் களச்சான்று இது. ‘மிகைப்பி’ என்பாரும் உளர். மச்சான் ‘ஆம்ப்’ என்கிறார். பணம் கொடுத்தவர் அவர், எனவே ஆம்ப்.

வரலாற்றுப் பின்னணி: 1930 இல் அமெரிக்காவில் பால் கால்வின் ‘மோட்டரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதற்கும் மச்சானுக்கும் தொடர்பில்லை. வரலாற்றுப் பின்னணி என்றோர் இயல் இல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

இனி, ஆம்ப் எதற்கு? டாஷ்போர்டில் இருக்கும் செட்டின் முகப்பில் ‘50 வாட் × 4’ என்று பொறித்திருக்கிறது. காரில் கிடைப்பதோ 12 வோல்ட். என்ஜின் ஓடினால் சுமார் 14.4. அதைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரு சொட்டு இழப்பில்லாமல் ஓட்டினாலும், ஒலி சிதையாத வரைக்கும் கணக்கு 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் இருபதை ஒட்டி நின்றுவிடும். மீதி 30 வாட் முகப்பில் அச்சாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆம்ப் அந்த வோல்ட்டை முதலில் உள்ளுக்குள்ளேயே உயர்த்திக்கொள்கிறது. அதனால் இந்த எல்லையைத் தாண்ட முடிகிறது.

எவ்வளவு தாண்டுகிறது? இங்கேதான் சான்றுகள் முரண்படுகின்றன. மச்சான் வாங்கிய ஆம்ப்பின் அட்டைப்பெட்டி ‘1000 வாட்’ என்கிறது. ஆம்ப்பின் விலாவில் செருகியிருக்கும் ஃபியூஸோ 20 ஆம்பியர். இருபதை 14.4 ஆல் பெருக்கினால் 288. உள்ளே நுழைவதே அவ்வளவுதான். ‘ஏபி’ வகை ஆம்ப் என்பதால் அதிலும் ஏறக்குறைய பாதி சூடாகிப் போகும். 288 உள்ளே போய் 1000 வெளியே வருவது அட்சய பாத்திரத்துக்கு மட்டுமே இயலும். அட்டைப்பெட்டி புறச்சான்று, ஃபியூஸ் அகச்சான்று. இரண்டும் மோதினால் அகச்சான்றையே கொள்ளவேண்டும் என்று நம் துறையில் எல்லாரும் எழுதுவர். எழுதிவிட்டு, தம் நூலின் காலத்தை எது முன்னே தள்ளுகிறதோ அதைக் கொள்வர். மச்சானும் பெட்டியையே கொண்டார்.

வயரிங் முறை. பேட்டரியிலிருந்து தடித்த வயர் நேரே வரவேண்டும். ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் வேண்டும். பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் எர்த் பிடிக்கவேண்டும். பவர் வயர் ஒரு பக்கமும் பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயர் மறுபக்கமும் போகவேண்டும். மச்சான் நச்சினார்க்கினியர் நெறியைப் பின்பற்றினார். முல்லைப்பாட்டின் ஒரு மூலையில் கிடந்த சொல்லைத் தூக்கி இன்னொரு மூலையில் கொண்டுகூட்டிய பெருமகனாரைப் போல, முன்கதவு வயரைப் பின்சீட்டுக்கு அடியில் கூட்டி, பின்சீட்டு வயரை டிக்கிக்குள் கூட்டி, பவரையும் பாட்டையும் ஒரே பக்கமாக விட்டார். பொருள் கிடைத்துவிட்டது, வழிதான் விளங்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஊய்ங்’ என்று ஒரு ஓசை ஏறுகிறது. ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அது. “டர்போ மாதிரி இருக்குல்ல மச்சான்?” என்று உரை கண்டார் (மச்சான், மேற்படி, இரண்டாம் டீக்குப் பின் திருத்திய பதிப்பு).

ட்வீட்டர்: தகரத்தைக் கீறும்.

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். டிக்கியில் பேஸ் டியூப் ஒன்று உருளையாகப் படுத்திருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை அதனுள் விடாமல் ஆம்ப் வடிகட்டிவிடுகிறது. கவிஞர் எழுதிய ஒரு சொல்கூட அந்த வாசலைத் தாண்டாது. யாப்பு மட்டும் தாண்டும். காருக்கு வெளியே நிற்பவர்க்கும் இதே கதி. தகடும் கண்ணாடியும் மேல் ஓசைகளைத் தடுத்து, அடி ஓசையை விட்டுவிடுகின்றன. ஆகவே தெருவுக்குக் கிடைக்கும் மூலபாடம் ‘டும்’ என்பதொன்றே.

இந்த ‘டும்’மின் மாத்திரை என்ன? உகரம் குறில், ஒரு மாத்திரை. ஐயமில்லை. ஈற்று மகரமே சிக்கல். மெய் என்று கொண்டால் அரை மாத்திரை. ஆனால் மச்சான் பேஸைத் திருகியபின் களத்தில் கேட்டது ‘டும்ம்ம்’. இதை ஒற்றளபெடை என்று கொண்டு ஒரு மாத்திரை தரலாம். நன்னூலார் அளபெடுக்கும் என்று சொன்ன ஒற்றுகளில் மகரமும் உண்டு. இவ்வாறு முடித்து இயலை மூட இருந்த வேளையில், சிக்னலில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் “வண்டிய எட்றா யோவ்” என்றார். மகரத்தை அடுத்து வகரம் வந்தால் மகரம் குறுகிக் கால் மாத்திரையாகும் என்பது விதி. ‘டும் வண்டி’ என்ற அந்தக் கணத்தில் மச்சான் பதறி வால்யூமைக் குறைத்தார். மகரம் உண்மையாகவே குறுகியது. இலக்கண விதியொன்று போக்குவரத்தில் இவ்வளவு துல்லியமாக மெய்ப்பட்டதைக் கண்டு நான் நெகிழ்ந்துவிட்டேன் (ஆட்டோக்காரர், இடச்சன்னல் வழி, சிவப்பு விளக்கு, பச்சை விழுந்தபின் அவர் வழங்கிய பிற்சேர்க்கையும் அதில் மச்சானின் தாயார் பற்றிய இடைச்செருகலும் அச்சிடத் தக்கனவல்ல). அவர் “டேய்” என்று தொடங்கியிருந்தால் அரை மாத்திரையே நின்றிருக்கும் என்பதையும் ஆய்வுநேர்மை கருதிப் பதிகிறேன்.

பாடவேறுபாடும் உண்டு. அதே ‘டும்’மை வாட்ச்மேன் பறை என்று பாடங்கொண்டார், மூன்றாம் வீட்டுப் பாட்டி, மேல்மாடியில் மாவு இடிக்கிறார்கள் என்றார். பாட்டியின் பாடமே தொன்மையானது.

ஆம்ப்புக்குச் சொந்தச் சரக்கு கிடையாது. உள்ளே வந்ததைப் பெரிதாக்கும், உடன் வந்த இரைச்சலையும் சேர்த்து. 60 குட்டி நூற்பாக்கள் உள்ளே போய்ப் பேருரையாக வெளிவந்த இறையனார் களவியல் நம்மிடமே இருக்கிறது. அதற்கு எழுந்த பல உரைகளில் மெய்யுரை எது என்பதை, பேசாத சிறுவன் உருத்திரசன்மன் கேட்டுக் கண்ணீர் விட்டதை வைத்துத் தேர்ந்ததாகக் கதை. அம்முறையையே கையாண்டோம். தங்கையின் ஒன்றரை வயது மகனைப் பின்சீட்டில் இருத்தி ஆம்ப்பைப் போட்டோம். முதல் ‘டும்’மிலேயே கண்ணீர் வந்தது. “பாத்தியா, ஃபீல் பண்றான்” என்றார் மச்சான். தங்கையின் மறுப்புரை நீண்டது; அதில் நானும் மேற்கோள் காட்டப்பட்டேன்.

ரிமோட் வயர் பற்றி ஒரு குறிப்பு. செட்டை அணைத்தால் ஆம்ப்பும் உறங்கவேண்டும் என்பதற்காகவே அந்த மெல்லிய நீல வயர் இருக்கிறது. செட்டின் நீல வயரோடு அதைச் சேர்க்கவேண்டும். மச்சான் பேட்டரியிலிருந்து நேரே வருவதோடு சேர்த்திருந்தார். ஆம்ப் இரண்டு இரவும் ஒரு பகலும் விழித்திருந்தது. திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற வல்லொற்று மட்டும் கேட்டது. வாட்ச்மேன், பால்காரர், நான், முந்தாநாள் சிக்னலில் மகரக்குறுக்கம் அருளிய அதே ஆட்டோக்காரர் என நால்வர் தெருமுனை வரை தள்ளினோம்.

பாதி வழியில் ஆட்டோக்காரர் கேட்டார்: “சும்மா தள்றோமே, ஒரு பாட்டாவது போடேன் தலைவா.”