மோட்டார்ப் பெட்டியின் இரைச்சல்: ஜெராம் காதுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஏறி உட்கார்ந்தால் தானே ஓடும் பயணப் பெட்டி கோலாலம்பூர் விமான நிலையத்தின் (கே.எல்.ஐ.ஏ.) புறப்பாட்டு மண்டபத்துக்கும் வந்துவிட்டது. அது எவ்வளவு இரைச்சல் போடுகிறது என்ற கேள்வியை அறிஞர் பெருமக்கள் சீண்டவில்லை. திருச்சி விமானத்துக்கு ஆள் ஏற்றிவிடப் போகும் ஜெராம்காரர்களுக்கு அங்கே பொழுது நிறையக் கிடைப்பதால், அந்தக் குறையை நாங்களே தீர்க்க முற்பட்டோம்.

முதலில் கருவி பற்றி. எங்கள் காதுகள் கிள்ளானுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவே ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் ஓடும் லாரிகளாலும், கடலோரப் படகு எஞ்சின்களாலும், கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளாலும் பல்லாண்டு சோதித்துச் சீராக்கப்பட்டவை. கைப்பேசியில் டெசிபெல் செயலி ஒன்றையும் இறக்கிப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற பெரியம்மாவின் குரலைத் தவிர வேறெதையும் பதிய மறுத்ததால் அது ஆய்விலிருந்து விலக்கப்பட்டது.

முன்னோடிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சக்கரம் வைத்த பெட்டிக்கு பெர்னார்ட் சாடோ 1972-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1987-இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி அதை நிமிர்த்தி, நீளும் கைப்பிடி கொடுத்தார். 2014-இல் வெனிஸ் நகர நிர்வாகம், கல் பாவிய தெருக்களில் கடகடக்கும் கெட்டிச் சக்கரப் பெட்டிகளுக்கு 500 யூரோ வரை அபராதம் போட யோசித்துவிட்டுப் பின்வாங்கியது. இவர்களில் ஒருவர்கூடத் தோட்டப்புறத்தை எட்டிப் பார்க்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

சுமைக்குச் சக்கரம், சக்கரத்துக்கு மோட்டார் என்பதெல்லாம் எங்களுக்குப் புதிதா என்ன? மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-இல், எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்; நட்டவர் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். வெட்டிய குலையைப் பாதையோரம் சேர்க்க முதலில் தோள் இருந்தது. பிறகு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி வந்தது. அப்புறம் அந்த வண்டியிலேயே பெட்ரோல் எஞ்சினைப் பூட்டினார்கள். நல்ல குலை ஒன்று 20 கிலோ நிற்கும். திருச்சி போகிற பெட்டியும் ஏறக்குறைய அதே எடைதான். எஞ்சின் வண்டியை முடுக்கினால், நாலு நிரை தள்ளி நிற்பவர்கூடக் கத்தியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஓசையை இவ்வாய்வு அடிப்படை அலகாகக் கொண்டு, அதற்குக் ‘குலை’ என்று பெயரிடுகிறது. 1998 ஜூன் 27-இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட கே.எல்.ஐ.ஏ.வும் செம்பனை நின்ற மண்ணில் எழுந்ததுதான் என்பதால், அலகு இடத்துக்கும் பொருந்துகிறது.

இனி முடிவுகள். இப்பெட்டிகளில் பொதுவாக இருப்பது தூரிகையற்ற மின்மோட்டார். மெல்லிய ரீங்காரத்தோடு சரி. குலைக் கணக்கில் ஓர் உதிரிப்பழம்கூடத் தேறாது. காதில் விழுவது சக்கரம் தரையோட்டின் இணைப்புகளைத் தாண்டும்போது எழும் ‘டக், டக்’தான். 60 செ.மீ. ஓடு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 4.3 கி.மீ. வேகத்தில் நடந்தபடி பெட்டியை இழுப்பவருக்கு நொடிக்கு இரண்டு ‘டக்’. மோடோபேக் என்ற அமெரிக்கப் பெட்டி சுமார் 13 கி.மீ. வேகம் வரை போகும். அப்போது நொடிக்கு ஆறு. உறுமி மேளம் சூடுபிடிக்கும் கட்டம்போல இருக்கும், சாமி வராததுதான் குறை.

எல்லோரும் ஆளுக்கொரு பெட்டி ஓட்டினால் மண்டபம் தாங்குமா என்று எங்கள் குழுவில் ஒருவர் கவலைப்பட்டார். கவலை வேண்டாம். 60 டெசிபெல் பெட்டியோடு இன்னொரு 60 சேர்ந்தால் 120 ஆகாது, 63தான். பத்துப் பெட்டி சேர்ந்தாலும் 70தான். மடக்கைக் கணக்கு அப்படி. மொய்ப்பணத்துக்கு இந்தக் கணக்கு வராமலிருந்தால் சரி.

அப்படியானால் மோட்டார்ப் பெட்டியால் இரைச்சலே இல்லையா? உண்டு. ஆனால் அது ஓடும்போது எழுவதில்லை, பதிவு முகப்பில் நிற்கும்போது எழுகிறது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது என்பதால், பேட்டரியைக் கழற்ற முடியாத மோட்டார்ப் பெட்டியை விமானத்தில் ஏற்றுவதில்லை. “கடைக்காரன் சொல்லவே இல்லையே!” என்று மாமா தொடங்குவார். “நான் அப்பவே சொன்னேன்” என்று அத்தை சேர்ந்துகொள்வார். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்த மருமகனை எல்லோரும் தேடுவார்கள். பெட்டி அசையாமல் நிற்கும். எங்கள் அளவீட்டில் அந்த இடத்தில் மூன்று குலை பதிவானது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: கடையிலேயே பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். பெட்டியைச் சரக்கில் போட்டால், கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணிக்கு மேல் 160 வரையிலான பேட்டரி என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.